மலையேறிய கூடாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலக யுத்தக் காலத்து இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அலைந்த ஒரு சர்க்கஸ் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலபார்க் கரையிலிருந்து வந்த சிறிய குழு ஒன்று 1941 இறுதியில் அட்டனில் கூடாரம் அடிக்கிறது. சில மாதங்களில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் 1944 வரை மலையைவிட்டு இறங்க முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சர்க்கஸும் அதன் ஆட்களும் என் கற்பனை. சட்டம், தேதி, ஊர், மழை ஆகியவற்றில் நான் கைவைக்கவில்லை. வாசித்துப் பார்த்த நண்பர்களும் வாசகர் கூட்டங்களில் சந்தித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குண்டே விழாத மலையகத்தில் யுத்தக் கதை எதற்கு?

குண்டு விழுந்தது கொழும்பிலும் திருகோணமலையிலும். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஒன்று, 9ஆம் திகதி மற்றொன்று. மலையகத்துக்குள் யுத்தம் அரிசி மூட்டையின் வழியாக நுழைந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டுக் கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது, சோற்றுப் பானையின் இடத்தை ரொட்டிக் கல் பிடிக்கத் தொடங்கியது. தேயிலை மட்டும் நிற்கவில்லை. பிரித்தானியாவுக்குத் தேநீர் வேண்டும், நேசப்படைகளுக்கு ரப்பர் வேண்டும். மலாயாவும் கைநழுவிய பிறகு இலங்கை ரப்பருக்கு இருந்த மதிப்பே வேறு. ஆக, வயிறு குறைந்தது, வேலை குறையவில்லை. இதைவிட யுத்தமாக ஒரு யுத்தம் எனக்கு வேண்டியதில்லை.

சர்க்கஸ்காரர்களின் நிலை இன்னும் மோசம். தோட்டத்து ஆளுக்குத் தோட்டத்தில் பெயர் இருக்கிறது, ஊர்க்காரனுக்குக் கடை இருக்கிறது. வாரத்துக்கு ஓர் ஊர் என்று போகிறவன் எந்தக் கடையில் கூப்பனைப் பதிவான்? என் நாவலின் முதல் சண்டையே இதுதான். முதலாளிக்கும் சமையற்காரருக்கும் நடக்கிறது, ஒரு சாக்கு மாவுக்காக.

அந்தக் காலத்தில் இலங்கைக்கு இந்திய சர்க்கஸ்கள் வந்தனவா?

வந்தன. இந்தியர் நடத்திய நவீன சர்க்கஸ் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியக் குதிரை வீரரிடம் தொடங்குகிறது. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் பயிற்சிப் பள்ளி வைத்த பிறகு, மலபாரின் களரிப் பிள்ளைகள் பார் விளையாட்டுக்கும் ஊஞ்சலுக்கும் பழகி இந்தியாவின் சர்க்கஸ்களையெல்லாம் நிரப்பினார்கள். இலங்கை, பர்மா, மலாயா என்று கப்பல் போகிற ஊர்களெல்லாம் அவர்களுக்குச் சந்தை. ஜப்பானியர் முன்னேறியபோது அந்தச் சந்தையில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் அடைபட்டது. என் குழு இலங்கையில் நின்றுபோவதற்குக் காரணம் தேட நான் சிரமப்படவில்லை.

தனுஷ்கோடியில் கப்பலேறினால் தலைமன்னார். அங்கிருந்து 1914இல் திறந்த ரயில் பாதை. தோட்டத்துக்கு வந்தவர்கள் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு வந்த அதே வழி.

கூடாரத்தை மலைமேல் எப்படிக் கொண்டுபோனார்கள்?

ரயிலில்தான். நாவலப்பிட்டியைத் தாண்டினால் பாதை 44 அடிக்கு ஓரடி உயர்கிறது, வளைவுக்கு மேல் வளைவு. பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்துவிட்டதால் லொறியை நம்ப முடியாது. ரயில் வண்டியிலோ இராணுவச் சரக்குக்கு முதலிடம். நாவலில் நடுக்கம்பத்தை இரண்டாக அறுத்து இரும்பு வளையம் போட்டுப் பொருத்துகிறார்கள், சரக்குப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்பதற்காக. அறுக்கும்போது கம்பத்துக்குப் பூசை போட்ட கூடார மேஸ்திரி அழுகிறார். அவர் பார்வையில் அது கொலை.

ஆனால் ஏற்றத்தைவிடப் பெரிய தலைவலி சமதரை. சர்க்கஸ் வளையத்தின் விட்டம் 42 அடி. லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி 18ஆம் நூற்றாண்டில் குதிரைச் சவாரி காட்டிய நாட்களிலிருந்து நிலைத்துவிட்ட அளவு அது. அந்த வட்டத்தில் ஓடும் குதிரை உள்பக்கம் சாய்கிறது. முதுகில் நிற்பவர் விழாமலிருப்பதற்கு அந்தச் சாய்வு வேண்டும். வட்டத்தைச் சுருக்கினால் குதிரை தடுமாறும். இருக்கைகளையும் சேர்த்தால் நூறடிக்குக் குறையாத சமதரை வேண்டும். மலையகத்தில் அப்படிப்பட்ட இடம் பந்தாட்டத் திடல், தொழிற்சாலை முற்றம், பெரிய தோட்டத்துப் பிரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம்), நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல், இவ்வளவுதான். மற்றதெல்லாம் சரிவு, சரிவெல்லாம் தேயிலை. எனவே சர்க்கஸ் எந்த ஊருக்குப் போகலாம் என்பதை அந்த ஊரின் தரைதான் முடிவுசெய்தது.

மழையில் எப்படி நடத்தியிருப்பார்கள்?

மழையைப் பார்த்து ஓடித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும். மஸ்கெலியா, அட்டன், தலவாக்கலைப் பக்கம் அப்போது துணி காயாது. அதே நேரத்தில் மலையின் மறுபுறமான ஊவாவில், பதுளையிலும் பண்டாரவளையிலும், வெயில் அடிக்கும். ஆண்டின் இறுதியில் வடகீழ் மழை ஊவாவுக்குத் திரும்புகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவு காய்ந்து கிடக்கும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், கொழும்புப் பணக்காரர்கள் மேலே வருவார்கள். இதை ஒரு தாளில் வரைந்தால் சர்க்கஸின் ஆண்டுப் பயணம் தானாக வந்துவிடும். அதை நான் கற்பனை செய்யவேயில்லை.

மழையில் கூடாரம் எப்படி இடிகிறது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். காற்று மட்டும் காரணமல்ல. நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். மாலையில் சரியாக இழுத்துக் கட்டிய கயிறு, நள்ளிரவு மழையில் சுருங்கி முளைக்குச்சியை மண்ணோடு பிடுங்கும். அதனால் மழை இறங்கியதும் ஒருவன் எழுந்து கூடாரத்தைச் சுற்றி ஒவ்வொரு கயிறாகத் தளர்த்த வேண்டும், விடிந்து வெயில் வந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். நாவலில் இந்த வேலை வேலப்பன் என்று எல்லோரும் கூப்பிடும் கிழவருடையது. இருட்டில் கயிற்றை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டே எவ்வளவு தளர்த்துவது என்று முடிவுசெய்வார். அவருக்குக் காய்ச்சல் வரும் இரவில் என்ன நடக்கிறது என்பது எட்டாம் அத்தியாயம்.

தோட்டத்து மக்களால் காட்சிக்கு வர முடிந்திருக்குமா? துரை (தோட்ட நிர்வாகி) விட்டிருப்பாரா?

நகரத்துத் திடலில் நடந்தால் வரலாம். ஆனால் மாலையில் மடுவம் என்னும் கொட்டகையில் கொழுந்து நிறுத்து முடிந்து, மைல்கணக்கில் இறங்கி, காட்சி பார்த்து, மறுபடி ஏறி, விடியற்காலையில் தப்புப் பறையின் சத்தம் கேட்டதும் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். என் சர்க்கஸ் சம்பள நாளை அடுத்துத்தான் தோட்டப் பக்கம் கூடாரம் அடிக்கிறது, அதுவும் பகல் காட்சி. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் பெட்ரோமாக்ஸ் ஏற்றிக் கட்டுப்படியாகாது என்பதும் ஒரு காரணம்.

தோட்டத்துக்குள்ளேயே காட்சி வைப்பது வேறு கதை. லயமும் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு) பாதையும் தோட்டத்துச் சொத்து, அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல். தொழிற்சங்கக்காரர்களைத் தடுக்கப் பயன்பட்ட சட்டமும் இதுதான். காலத்தையும் பாருங்கள்: 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டில் பதுளைப் பக்கம் வேவெஸ்ஸவிலும் வேலைநிறுத்தம். அதற்குப் பிறகு, எங்கிருந்தோ வந்த முப்பது பேர் தோட்டத்து மக்களைக் கூட்டமாக உட்காரவைக்கப் போகிறார்கள் என்றால் எந்தத் துரையும் இரண்டு முறை யோசிப்பார். கோமாளியின் பெட்டியைத் திறந்து துண்டுப்பிரசுரம் தேடும் காட்சி அப்படி வந்தது. கிடைத்தது ஒரு டப்பா வெள்ளைப் பொடியும் கிழிந்த கால்சட்டையும்.

1939 தடைச் சட்டத்துக்கும் சர்க்கஸுக்கும் என்ன தொடர்பு? நாவல் முழுவதும் அதைச் சுற்றியே போகிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுதிவந்தேன்.

இலங்கை அரசு தன் திணைக்களங்களில் இருந்த இந்திய நாட்கூலிகளை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. பேசித் தீர்க்க 1939 ஜூலையில் நேரு வந்தார். இலங்கைவாழ் இந்தியரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது அந்த வருகையின்போதுதான். பேச்சு பலிக்கவில்லை. 1939 ஆகஸ்ட் 1 முதல், திறன் சாராத உடலுழைப்புக்காக இலங்கைக்கு ஆட்கள் புறப்படுவதை இந்திய அரசு தடைசெய்தது.

இந்த விவகாரத்தின் வேர் 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தில் இருக்கிறது. வேலைக்காகக் கடல் கடப்பவர்களை அது இரு கூறாகப் பிரித்தது. கைவினைஞர், கடைச் சிப்பந்தி, வீட்டு வேலைக்காரர், காட்சிக்கும் கேளிக்கைக்கும் அழைத்துச் செல்லப்படுகிறவர் ஆகியோர் திறனுள்ளவர் வரிசை. இரண்டு விரலால் இரண்டு இலையும் ஓர் அரும்பும் பார்த்துக் கிள்ளி, செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்குகிறவள் திறனற்றவர் வரிசை. மூக்கில் சிவப்புப் பந்தை ஒட்டிக்கொண்டு தலைகீழாக விழுகிறவனோ திறனுள்ளவன்! கோமாளிமேல் எனக்குக் கோபமில்லை, விழுவதும் லேசான வித்தையல்ல. சட்டம் எழுதியவர்கள் கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

என் கதாநாயகன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிறவன். தாய் துறையூர்ப் பக்கம் ஊருக்குப் போய்ப் படுக்கையில் விழுந்துவிட்டாள். போய்ப் பார்க்க வேண்டும், திரும்பியும் வர வேண்டும், மனைவியும் பிள்ளைகளும் லயத்தில் இருக்கிறார்கள். தொழிலாளியாகப் போனால் திரும்ப விடுவார்களா என்ற பயம். சர்க்கஸ்காரனாகப் போனால்? இந்த யோசனை அவனுக்குத் தோன்றும் இடத்தில் நாவல் உண்மையில் தொடங்குகிறது. ஆனால் வேலையை விட்டால் லய அறை போகும். அறை போனால் குடும்பம் எங்கே நிற்கும்? ஊஞ்சலில் ஒரு கம்பியை விட்டு மறு கம்பியைப் பிடிக்கும் அந்த ஒரு கணம் அவனுக்கு மாதக்கணக்கில் நீள்கிறது.

கவ்வாத்து வெட்டுகிறவன் திடீரென்று சர்க்கஸ்காரன் ஆகிவிட முடியுமா?

ஊஞ்சலாட முடியாது. அதற்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே உடம்பு பழக வேண்டும். ஆனால் அவன் ஆடத் தெரியாதவனல்ல. தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுகிறவன். மாசி மாதத்தில் காமனை ஊன்றி, ரதியும் மதனும் தூதனும் வீரபத்திரனும் எமனும் வந்து, கடைசியில் மதன் எரிந்து, ரதி புலம்பும் கூத்து அது. ஆண்களே ரதியாக ஆடுவார்கள். மேற்குச் சரிவில் மழையில்லாத மாதமும் மாசிதான், சர்க்கஸ் அங்கே இருக்கும் மாதமும் அதுதான். சர்க்கஸ் கோமாளி ஓர் இரவு லயத்துப் பக்கம் வந்து, தப்பு ஒலிக்கு இவன் ஆடி அழுவதைப் பார்க்கிறான். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. தன் தொழிலில் அப்படியொரு மௌனத்தைக் கேட்டிராத கோமாளிக்குப் பொறாமை வருகிறது. மறுநாள் காலையில் வந்து, “அண்ணே, அழவைக்கத் தெரிந்தவனுக்குச் சிரிக்கவைக்க ஒரு மாதம் போதும்” என்கிறான். ஒரு மாதம் போதவில்லை.

அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் மலையகத்தில் ஆடப்பட்டவைதான். கதைக்கு வேண்டியது ரதியின் புலம்பல் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

விலங்குகள் என்ன ஆயின?

யானையைக் கடல் கடத்தி வருவதைவிட இங்கே பாகனோடு வாடகைக்குப் பிடிப்பது மலிவு. என் முதலாளி அதைத்தான் செய்கிறார். ஆனால் வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். தாழ்நிலத்தில் பலா இலை, தென்னோலை, கித்துள் கிடைக்கும். தேயிலை மலையின் உச்சியில் என்ன கிடைக்கும்? பாகன் நானுஓயாவிலேயே யானையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். முன்பணமும் அவனோடு போகிறது.

சிங்கம்தான் கனமான விஷயம். ஒரு சிங்கத்துக்குத் தினமும் ஐந்தாறு கிலோ இறைச்சி, முகாம்களுக்கே மாட்டிறைச்சி போதாத காலம். அதோடு பயம் வேறு. 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பீதியில், சென்னை மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலி முதலிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்ற கவலை. டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிசாலையிலும் 1943இல் இதே காரணத்தால் விலங்குகளைக் கொன்றார்கள், யானைகளைப் பட்டினி போட்டே. ஒருவருக்கொருவர் பயந்த இரு தரப்பும் சிங்கத்தின் விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். சென்னைச் செய்தி அட்டனுக்கு வந்துசேரும் அத்தியாயத்தை மூன்று முறை மாற்றி எழுதினேன். என் கிழட்டுச் சிங்கத்தை யார் சுடுவது என்ற கேள்வி துரையிடமிருந்து பொலிசுக்கும், பொலிசிடமிருந்து முதலாளிக்கும் போய், கடைசியில் அதற்குப் பெயர் வைத்த சிறுவனிடம் வந்து நிற்கிறது.

விலங்கு வித்தையை அழகாகக் காட்டுவது இந்தக் காலத்தில் சரியா?

அழகாகக் காட்டவில்லை. சாட்டையும் பசியும் எப்படி இருந்தனவோ அப்படியே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளைக் கொத்தடிமை போலப் பழக்கியதையும் மறைக்கவில்லை.

ஜெர்மானியப் பயிற்சியாளர் ஒருவர் வருகிறாரே, மிகைப்படுத்தலா?

இல்லை. இலங்கைக்கும் ஜெர்மானிய விலங்கு வணிகத்துக்கும் பழைய உறவு. ஹாம்பர்க்கின் புகழ்பெற்ற ஹாகன்பெக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஹாகன்பெக் இங்கேயே வாழ்ந்து விலங்குகளை ஏற்றுமதி செய்தவர். முதல் உலக யுத்தத்தில் சொத்தை இழந்தார், பிறகு திரும்பி வந்தார். அவர் தொடங்கியதுதான் 1936இல் அரசு எடுத்துக்கொண்ட தெஹிவளை மிருகக்காட்சிசாலை. 1940இல் இலங்கையிலேயே இறந்தார். யுத்தம் மூண்டதும் ஜெர்மானியர்கள் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஞானதிலோக தேரர் போன்ற ஜெர்மானியப் பௌத்தத் துறவிகளும் அங்கே இருந்தார்கள், பின்னர் இந்தியாவின் டேராடூனுக்கு அனுப்பப்பட்டார்கள். காவியுடுத்த துறவியையே விடாதவர்கள் சாட்டை பிடித்தவரை விடுவார்களா? என் பயிற்சியாளர் கதை தொடங்கும் முன்பே முகாமுக்குப் போய்விட்டார். சிங்கத்துக்கு ஜெர்மன் மொழிக் கட்டளை மட்டுமே தெரியும் என்பதால் சிறுவன் அந்தச் சொற்களைப் பொருள் தெரியாமல் மனனம் செய்கிறான். 1942இல் அட்டன் நகரத்தில் ஜெர்மன் மொழியில் கத்துவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1942 ஏப்ரல் வாரம் ஏன் இவ்வளவு வேகமாகக் கடந்துபோகிறது?

மலையகத்தில் அது வதந்தியாகத்தான் வந்தது, அதனால். ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பில் குண்டு. அன்று நுவரெலியா வசந்த காலத்தின் நடுவில் என் சர்க்கஸ் நிற்கிறது. கொழும்புக்காரர்கள் படுக்கையும் பெட்டியுமாக மேலே வந்து குவிய, கூட்டத்தைப் பார்த்து முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அதே வாரத்தில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய இடதுசாரித் தலைவர்கள் தப்பினார்கள். விளைவு, ஊர் ஊராகப் போகிற எல்லோருடைய மூட்டையும் அவிழ்க்கப்பட்டது. சர்க்கஸுக்கு அதுதான் பெரிய அடி.

நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன் வருகிறாரா?

வரவில்லை. 1944இல் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூந்தோட்டத்தில் அலுவலகம் போட்டார் என்பது உண்மை. பிரபலங்கள் தலைகாட்டும் சரித்திர நாவல்கள் எனக்குச் சலித்துவிட்டன. பூந்தோட்டத்துக்குப் பால் கொண்டுபோகிற ஒருவர் வருகிறார், போதும்.

கிழக்காப்பிரிக்கப் படைவீரர்கள் வருகிறார்கள். 1942 முதல் அவர்கள் இலங்கையில் இருந்தார்கள். ஒரு காட்சியில் முன்வரிசை முழுவதும் அவர்கள்தான். சிங்கத்தைப் பார்த்து எல்லோரும் அலற, அவர்களில் ஒருவர் மட்டும் அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிறார்.

பெண் பாத்திரங்கள் குறைவு என்று ஒரு விமர்சனம் வந்ததே?

முதல் பகுதியை மட்டும் வாசித்தவர் சொன்னது. இரண்டாம் பகுதி ஊஞ்சலாடும் பெண்ணுடையது. மூடுபனி நாளில் இரும்புக் கம்பியில் ஈரம் படியும், உள்ளங்கை வழுக்கும். அவள் ஆடுவதற்கு முன் கம்பியைச் சாம்பலால் துடைக்கிறாள், அடுப்புச் சாம்பல் அல்ல, கோயில் திருநீறு, அதுதான் மென்மையாக இருக்கிறதாம். பகல் காட்சி முடிந்ததும் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடாரத்தின் பின்பக்கம் வந்து நிற்கிறார்கள். வயதில் மூத்தவள் அவள் கையைத் திருப்பிக் காய்ப்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: “ஏம்மா, இதற்கு உனக்கு முழுப்பேர் போடுகிறார்களா, அரைப்பேரா?” செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேட்டில் முழு நாள் வேலையாகப் பதிவதா, பாதியாகவா என்பதுதான் கேள்வி. வித்தையைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. ஊஞ்சலாடுபவளுக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பது அப்போதுதான் வாசகருக்குத் தெரியும்.

பெரும்பாலான மலையகத் தமிழரைக் குடியுரிமையற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டம் வரை நாவல் போகுமா?

போகாது. மலையக நாவல் என்றாலே 1948இல் முடிய வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. என் ஆட்களுக்கு 1944இல் அது தெரியாது, தெரிந்ததுபோல அவர்களைப் பேசவைக்க மாட்டேன். கடைசி அத்தியாயம் தலைமன்னார்த் துறையில் நடக்கிறது. அதிகாரியின் மேசையில் சர்க்கஸ்காரர் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, ரதி வேடக்காரன் வரிசையில் நிற்கிறான். நீ செய்கிற வித்தையை இங்கேயே செய்து காட்டு என்கிறார் அதிகாரி. அவன் சிரிக்கவைத்தானா, அழவைத்தானா என்பதை இங்கே எழுதிவிட்டால் பதிப்பாளர் என்னோடு பேசமாட்டார்.